வலப்பக்க வளைவில் மட்டும் ‘டொக்’: பழைய மாருதி 800 பால் ஜாயிண்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

2004 மாடல் மாருதி 800. மீட்டரில் 1,12,400 கிலோமீட்டர். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபியும் மிளகும் போட்டிருப்பவர் வைத்திருக்கும் வண்டி. வாரத்தில் இரண்டு மூன்று நடை சேலம் லீ பஜாருக்கு வந்து போகும். ஒவ்வொரு நடைக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறக்கம், அதே 20 ஏற்றம். அது போதாதென்று தோட்டத்துக்குள் கல் பாவிய பாதை வேறு.

புகார் அவர் சொன்னபடியே: “திரும்புறப்ப முன்னாடி டொக்குங்குதுங்கண்ணா. நேரா போனா ஒண்ணுமில்லைங்க. ஏறும்போது ஒரு வளைவுல வருது, இறங்கும்போது அதே வளைவுல வரமாட்டேங்குது, வேற வளைவுல வருது.”

கேட்டுக் கேட்டு வாங்கிய கூடுதல் விவரம் மூன்று. பெங்களூரு நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நிலைகொள்ளாமல் அலைகிறது. பிரேக்கை விடும் நேரத்தில் முன்னால் ஒரு சின்னத் தட்டல். இடது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிவிட்டது.

இதற்கு முன் வேறொரு பட்டறையில் இரண்டு முன் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) அதைப் பாடியோடு பிடிக்கும் மேல் மவுண்டும் மாற்றியிருக்கிறார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து, எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் உரிமையாளர் நிறுத்திக்கொண்டார், நல்ல வேளை.

சத்தம் எப்போது வருகிறது என்பதே பாதி விடை

இந்த வண்டியின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. எடையைத் தாங்குவது மேலே இருக்கும் ஸ்ட்ரட்டும் அதன் ஸ்பிரிங்கும். கீழே, பாடியிலிருந்து சக்கரத்துக்குக் குறுக்கே போகும் லோயர் ஆர்மின் நுனியில் உள்ள பால் ஜாயிண்ட், கிண்ணத்துக்குள் குண்டு சுழலும் மூட்டு. அது வண்டியின் எடையைச் சுமப்பதில்லை. சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளேயோ வெளியேயோ போகாமல் பிடித்து வைப்பதும், ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் சுழல அச்சாக நிற்பதும்தான் அதன் வேலை.

வண்டி நேராக நிற்கும்போது தரை டயரை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஸ்ட்ரட்டின் கோட்டுக்கு வெளியே விழுவதால், சக்கரத்தின் அடிப்பாகம் வெளியே நழுவப் பார்க்கும். ஆர்ம் அதை இழுத்துப் பிடித்திருக்கும். குண்டு கிண்ணத்தின் ஒரு சுவரில் ஒட்டி நிற்கிறது. எவ்வளவு தேய்ந்திருந்தாலும் இந்த நிலையில் சத்தம் வராது, ஏனென்றால் குண்டுக்கு இடம் மாற வேண்டிய அவசியமே இல்லை.

வலப்பக்கம் திரும்பும்போது எடை இடது சக்கரத்துக்குச் சாய்கிறது. தரை அந்த டயரை வளைவின் உள்பக்கமாக, அதாவது வண்டியை நோக்கித் தள்ளுகிறது. அதுவரை இழுபட்டுக்கொண்டிருந்த இடது ஆர்ம் இப்போது அமுக்கப்படுகிறது. குண்டு ஒரு சுவரை விட்டு எதிர்ச் சுவருக்குத் தாவும். அந்தத் தாவல்தான் ‘டொக்’. வளைவு முடிந்து ஸ்டீயரிங் நேராகும்போது திரும்பத் தாவும், இன்னொரு ‘டொக்’. உள்பக்கம் இருக்கும் வலது சக்கரத்தின் ஆர்ம் இழுபட்ட நிலையிலேயே இருப்பதால் அங்கே சத்தம் எழாது.

உரிமையாளரின் புதிர் இதிலேயே அவிழ்ந்துவிடுகிறது. ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவு இறங்கும்போது இடப்பக்கம் திரும்பும். சத்தம் வளைவைத் தொடரவில்லை, திரும்பும் திசையைத் தொடர்கிறது. வலப்பக்கத் திருப்பத்தில் வந்தால் சந்தேகம் இடது ஜாயிண்ட் மேல், இடப்பக்கத்தில் வந்தால் வலது மேல். காதால் பக்கத்தைக் கண்டுபிடிக்கப் பார்ப்பது வீண் வேலை. பாடி முழுவதும் இரும்பு, சத்தம் எங்கிருந்து வேண்டுமானாலும் வருவது போலத் தெரியும்.

மற்றச் சந்தேகங்களையும் இதே முறையில் பிரிக்கலாம். டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயிண்ட் போயிருந்தால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ‘டக் டக் டக்’ என்று சக்கரச் சுற்றோடு சேர்ந்து தொடர்ந்து வரும். வேகம் கூடினால் தட்டலும் நெருங்கும். ஒரே ஒரு தட்டலோடு நிற்காது. ஸ்ட்ரட் மேல் மவுண்ட் என்றால் வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்ப, ஸ்பிரிங் முறுகி முறுகிச் சட்டென்று விடுபடும். ஸ்பிரிங்கின் மேல் கை வைத்தால் அந்த உதறல் விரலில் தெரியும். வீல் பேரிங் தட்டாது, இரையும்.

ஓட்டிப் பார்க்கும் சோதனை கோரிமேட்டிலிருந்து அடிவாரம் தாண்டி முதல் சில வளைவுகள் வரை. சத்தம் வலப்பக்கத் திருப்பத்தில் மட்டும், திரும்பத் தொடங்கும்போது ஒன்று, நேராகும்போது ஒன்று. மலை வரை போக முடியாதவர்கள் காலி மைதானத்தில் லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிற மாதிரி 15 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினாலே போதும்; நடுவே லேசாகப் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட வேண்டும்.

முந்தைய பட்டறையில் ஏன் பிடிபடவில்லை

இரண்டு காரணங்கள் தெரிகின்றன; இரண்டும் பல இடங்களில் நடப்பவை என்பதால் விரிவாகவே சொல்லலாம்.

ஒன்று, வண்டியை வேகத்தடையில் ஏற்றி இறக்கியும் மட்கார்டை அமுக்கியும் பார்த்திருக்கிறார்கள். மேலும் கீழும் குலுக்கும்போது ஸ்ட்ரட்டும் மவுண்டும் வேலை செய்யும். லோயர் ஆர்ம் இழுபட்ட நிலையிலேயே இருக்கும். விசையின் திசை மாறாத வரைக்கும் குண்டு தாவாது. குலுக்கலில் கொஞ்சம் கடகடப்பு இருந்ததால் ஸ்ட்ரட்டின் மேல் பழி போனது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஸ்ட்ரட்டில் கடகடப்பு இருக்கத்தான் செய்யும். அதனால் அதை மாற்றியது தண்டச் செலவு என்றும் சொல்ல முடியாது. புகாருக்கு அது பதில் இல்லை, அவ்வளவே.

இரண்டு, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். மாருதி 800-இல், இரு பக்கத்தையும் இணைத்து வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் நுனி லோயர் ஆர்முக்குள்ளேயே நுழைந்து, புஷ்ஷும் (ரப்பர் வளையம்) நட்டும் போட்டு நிற்கிறது. ஆர்ம் முன்பின் நகராமல் பிடித்திருப்பதும் அதே பார்தான். ஒரு சக்கரம் தரையிலும் மற்றது தொங்கலிலும் இருந்தால் பார் முறுகி, தொங்குகிற ஆர்மை மேலே தூக்கும். குண்டு கிண்ணத்தில் அழுந்தி உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு ஆட்டினாலும் ஆட்டம் தெரியாது. பால் ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது என்ற தவறான சான்றிதழ் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது.

சோதனை

சமதரை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் என்பதால் அது போட்டபடியே இருக்கலாம். முன்பக்கம் இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்படி தூக்கி, பாடியின் ஜாக்கிங் இடங்களில் ஸ்டாண்டு கொடுத்தாயிற்று. ஆர்முக்கு அடியில் எதுவும் வைக்கக் கூடாது. இரண்டு ஆர்மும் தொங்க வேண்டும். ஏற்காட்டில் வீட்டு முற்றத்திலேயே இதைச் செய்பவர்கள் முதலில் சமதரையைத் தேடிக்கொள்ள வேண்டும். அங்கே நம் கண்ணுக்குச் சமமாகத் தெரிவதெல்லாம் சமம் இல்லை. ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்த்துவிடுங்கள்.

டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து, மேல் கை தள்ள, கீழ்க் கை இழுக்க ஆட்டியதில் இடது சக்கரத்தில் தெளிவான ஆட்டம். இது பேரிங்கா பால் ஜாயிண்டா என்று பிரிக்க இன்னொருவர் பிரேக் பெடலை மிதிக்க வேண்டும். பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் கேலிப்பரும் ஒன்றாகி, ஹப் நக்கிளோடு பூட்டிக்கொள்ளும். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாமல் இருந்தால் நக்கிளே ஆடுகிறது, அதாவது பால் ஜாயிண்ட் அல்லது ஸ்ட்ரட். இந்த வண்டியில் பிரேக் மிதித்தும் ஆட்டம் குறையவில்லை. டயரின் முன்பக்கமும் பின்பக்கமும் பிடித்து ஆட்டியதில், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டில் ஆட்டம் எதுவும் இல்லை.

அடுத்தது லீவர். நீளமான டயர் லீவரை ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே கொடுத்து மெதுவாக நெம்ப, இடது ஜாயிண்டை மூடிய ரப்பர் உறையான பூட் மூச்சு விடுவது போல எழுந்து அமர்ந்தது. காந்தக் கால் வைத்த டயல் கேஜை ஆர்மில் நிறுத்தி, முள்ளை நக்கிளின் அடிமுகத்தில் வைத்து எடுத்த அளவு: இடது 1.9 மில்லிமீட்டர், வலது 0.3 மில்லிமீட்டர். எடை தாங்காத இந்த வகை ஜாயிண்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தாலே மாற்ற வேண்டியதுதான். கேஜ் இல்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டரை விரலே சொல்லிவிடும். லீவரை வெறித்தனமாக நெம்பினால் நல்ல ஜாயிண்ட் கூட வளைந்து கொடுக்கும், புஷ் ரப்பரின் அசைவும் ஜாயிண்டின் ஆட்டம் போலத் தெரியும். கண் பூட்டின் மேல் இருக்கட்டும், லீவர் நுனியின் மேல் வேண்டாம்.

டயர் உள்விளிம்பில் தேய்ந்ததற்கும் இதுவே காரணம். தேய்ந்த ஜாயிண்ட் சக்கரத்தின் அடிப்பாகத்தை வெளியே விட்டுக்கொடுக்கும். மேல்பாகம் உள்ளே சாயும். போதாததற்கு டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், ஓடும்போதே மாறிக்கொண்டிருக்கும், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைந்தது அதனால். இப்படிப்பட்ட வண்டியை அலைன்மெண்ட் மேடையில் ஏற்றிச் சரிசெய்தால் மேடையை விட்டு இறங்குவதற்குள் அளவு போய்விடும்.

கழற்றியதில் கண்டது

இடது பூட்டில், ஆர்மை ஒட்டிய மடிப்பில், சுண்டுவிரல் நகத்தளவு கிழிசல். கீழே குனிந்து பார்த்தால் தெரியாது. மடிப்பை விரலால் விரித்தால்தான் வாய் திறக்கிறது. உள்ளே கிரீஸ் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. தண்ணீர் கலந்து வெளுத்த பழுப்புக் குழம்பு, இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் நறநறவென்றது. துடைத்த பிறகு குண்டில் இரண்டு நிறம் தெரிந்தது: நடுப்பட்டையில் கண்ணாடி போல மினுங்கும் தேய்மானம், அதன் விளிம்பில் துருக் குழிகள். சக்கரம் நேராக இருக்கும்போது குண்டு எந்த இடத்தில் அழுந்துமோ அந்தப் பக்கத்தில்தான் பிளாஸ்டிக் கிண்ணம் நீள்வட்டமாகியிருந்தது.

கருப்பூர், மாமாங்கம் பக்கம் ஓடும் வண்டி என்றாலே வெள்ளைக்கல் சுரங்கத் தூசிதான் ஜாயிண்டைத் தின்கிறது என்று சொல்லும் பழக்கம் சேலத்தில் உண்டு. அந்த வெள்ளைக்கல்லான மேக்னசைட்டின் கடினம், 10 வரை போகும் மோஸ் அளவில் 4 பக்கம். கெட்டிப்படுத்திய எஃகை அது தேய்க்காது. தேய்ப்பது எந்த ரோட்டிலும் கிடக்கும், கடினம் 7 உள்ள குவார்ட்ஸ் மணல். பூட் கிழியாத வரை இரண்டாலும் ஆபத்தில்லை. பூட்டைக் கிழிப்பது வயது, தோட்டப் பாதையின் கல், வாட்டர் சர்வீஸில் ஜாயிண்டுக்கு நேராகப் பிடிக்கும் அழுத்தத் தண்ணீர். கடைசியாகச் சொன்னதை மட்டுமாவது தவிர்க்கலாம்.

இந்த நிலையில் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்பதற்குப் பதில் கிடையாது. குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சக்கரத்தின் அடிப்பாகம் வெளியே பிதுங்கி, டயர் மட்கார்டுக்குள் மடங்கி, டிரைவ் ஷாஃப்ட் கியர் பாக்ஸிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். ஸ்டீயரிங் அந்தச் சக்கரத்தைக் கட்டுப்படுத்தாது. விசை அதிகமாக மாறும் இடத்தில், அதாவது பிரேக்கோடு வளைவில் இறங்கும்போதுதான் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

என்ன வாங்குவது

மாருதி 800-இல் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது. தேய்ந்தால் லோயர் ஆர்ம் முழுசாக மாற்றல். வாங்கியவை: லோயர் ஆர்ம் 2, ஸ்டெபிலைசர் பார் நுனிப் புஷ் இரண்டு பக்கத்துக்கும், பாரைப் பாடியில் பிடிக்கும் புஷ் 2, பால் ஸ்டட் போல்ட் (குண்டின் தண்டான ஸ்டட்டை நக்கிளோடு பிடிக்கும் போல்ட்) 2, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் 2.

வலது ஜாயிண்டில் 0.3 மில்லிமீட்டர்தானே, அதை ஏன் மாற்ற வேண்டும்? ஜாயிண்டுக்காக மட்டும் என்றால் விட்டிருக்கலாம்; இரண்டு பக்கமும் மாற்றியே தீர வேண்டும் என்பது சட்டம் இல்லை. வலது பூட்டும் வெடிக்கத் தொடங்கியிருந்தது, ஆர்மின் உள் புஷ் 20 வருடப் பழசு. ஒரு பக்கம் இறுகிய புது ரப்பர், மறுபக்கம் தளர்ந்த பழைய ரப்பர் என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காரணம் அது.

பழைய ஆர்மைக் கொடுத்துக் கிண்ணத்தைப் பிளந்து நைலான் போட்டு மூடித் தரும் வேலை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. ஆட்டத்தை அடக்க வாஷர் வைத்து வெல்டிங் அடிப்பதும் உண்டு. வெல்டிங் சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகும், கூடு தன் கெட்டித்தன்மையை இழக்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஜாயிண்டில் இந்தச் சிக்கனம் வேண்டாம். மாருதி ஜெனுயின் பார்ட்ஸ், ரானே போன்ற பெயருள்ள பாகத்தை ரசீதோடு வாங்குங்கள்.

கடையிலேயே ஸ்டட்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். எல்லாத் திசையிலும் ஒரே சீரான இறுக்கம் இருக்க வேண்டும். தானாகவே தொங்கி விழுந்தாலோ ஓரிடத்தில் சிக்கினாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம். பழைய ஆர்மையும் புதியதையும் தரையில் பக்கத்தில் வைத்து நீளம், வளைவு, புஷ் ஓட்டையின் கோணம், ஸ்டட்டில் உள்ள பள்ளத்தின் உயரம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதைத் தூக்கிப் போட வேண்டும். புது ஜாயிண்ட் கிரீஸோடு மூடி வருவது. ஊசியால் பூட்டைக் குத்தி இன்னும் கொஞ்சம் கிரீஸ் ஏற்றும் கைவைத்தியம், தண்ணீர் போக வழி செய்து கொடுப்பதுதான்.

மாற்றும் வேலை

முந்தின இரவே பால் ஸ்டட் போல்ட், ஆர்மின் உள் போல்ட், ஸ்டெபிலைசர் நட்டு மூன்றிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து விட்டாயிற்று. கம்பி பிரஷ்ஷால் வெளியே நீட்டியிருக்கும் மரையைத் தேய்த்த பிறகு அடித்தால்தான் எண்ணெய் உள்ளே இறங்கும்.

முன்பு சொன்னபடி இரண்டு முன்சக்கரமும் தூக்கிய நிலையில் சக்கரங்களைக் கழற்றி, ஸ்டெபிலைசர் நுனியிலுள்ள காட்டர் பின்னை உருவி நட்டையும் வாஷரையும் எடுத்தோம். வாஷர்களின் குழிந்த முகம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு பாரைப் பாடியோடு பிடிக்கும் பிராக்கெட்டுகளைத் தளர்த்தி விட்டால், ஆர்மைப் பாரிலிருந்து உருவ இடம் கிடைக்கும். இதைச் செய்யாமல் ஆர்மோடு மல்லுக்கட்டுவதில்தான் நேரம் போகிறது.

வேலையின் கழுத்து பால் ஸ்டட் போல்ட். ஸ்டட்டின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகக் குறுக்கே போகிறது. எனவே போல்டைத் தளர்த்தினால் மட்டும் ஸ்டட் வராது, போல்ட் முழுவதும் வெளியே வந்தாக வேண்டும். இது தெரியாமல் தளர்த்திவிட்டுச் சம்மட்டியால் அடித்தவர்கள் ஸ்டட்டையும் நக்கிளையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறார்கள். துருப்பிடித்த போல்டை ஒரே மூச்சில் கழற்றப் பார்க்கக் கூடாது. கால் சுற்று இறுக்கும் திசையில், அரைச் சுற்று கழற்றும் திசையில், மீண்டும் எண்ணெய் என்று பொறுமையாக வர வேண்டும். ஆறு முனையுள்ள சாக்கெட்தான். தேய்ந்த ரிங் ஸ்பேனர் தலையை வழித்துவிடும். கேஸ் டார்ச் வைத்துச் சூடேற்றும் யோசனை வேண்டாம், டிரைவ் ஷாஃப்ட் பூட் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது.

போல்ட் வந்த பின் நக்கிளின் பிளவில் ஒரு தட்டை உளியை வைத்து லேசாக இரண்டு தட்டு. பிளவு மயிரிழை விரிந்தால் போதும். ஆழமாக அடித்து ஏற்றினால் நக்கிளின் காது விரிசல் விடும். அந்த விரிசல் அன்றைக்குத் தெரியாது, பின்னால் போல்டை இறுக்கும்போதோ வளைவில் ஓடும்போதோ தெரியும். பிறகு ஆர்மின் மேல் நீளமான கம்பியைக் கொடுத்துக் கீழ்நோக்கி அழுத்த, ஸ்டட் இறங்கி வந்தது. இடது பக்கம் உடனே வந்துவிட்டது. வலது பக்கம் அடம்பிடித்தது. அழுத்தத்தை விடாமல் வைத்துக்கொண்டு நக்கிள் காதின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டிய பின் இறங்கியது.

இந்த நேரத்தில் நக்கிள் பிடிமானம் இல்லாமல் ஸ்ட்ரட்டில் தொங்குகிறது. அதை வெளியே இழுத்து ஆட்டினால் டிரைவ் ஷாஃப்ட் உள்பக்கத்திலிருந்து உருவிக்கொண்டு கியர் ஆயில் கொட்டும். பிரேக் ஹோஸும் இழுபடும். ஒரு கம்பியால் ஸ்ட்ரட்டோடு கட்டி வைத்தால் கவலையில்லை.

ஆர்மின் உள் போல்டைக் கழற்றி ஆர்மை எடுத்தாயிற்று. நக்கிளின் ஓட்டையைத் துணியும் மெல்லிய உப்புத் தாளும் கொண்டு துருப்போகத் துடைத்து, கிரீஸை மயிரிழையாகத் தடவினோம். குறுக்குப் போல்ட் பிடிக்கும் இந்த உருளை ஸ்டட்டுக்குத்தான் இது பொருந்தும். டை ராடு எண்டு போலக் கூம்பு வடிவ ஸ்டட் என்றால் எண்ணெய்ப் பசையே கூடாது. கூம்பு உலர்ந்த உலோகத்தோடு உலோகம் கவ்வினால்தான் நிற்கும்.

பூட்டும்போது வரிசை: ஆர்மை முதலில் பாரின் நுனியில் நுழைத்து, உள் போல்டைக் கை இறுக்கத்தில் விட்டு, அதன் பிறகு ஸ்டட்டை நக்கிளுக்குள் முழுவதும் ஏற்ற வேண்டும். பள்ளம் போல்ட் ஓட்டைக்கு நேராக வந்துவிட்டால் போல்ட் கையாலேயே நுழையும். நுழையவில்லை என்றால் ஸ்டட் இன்னும் ஏறவில்லை என்று பொருள். அங்கே சுத்தியல் எடுத்தால் போல்டின் மரையும் ஸ்டட்டின் பள்ளமும் நசுங்கும். அரைகுறையாக உட்கார்ந்த ஸ்டட்டை இறுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு வண்டியை அனுப்பும் ஆபத்தும் உண்டு. பால் ஸ்டட் போல்டை டார்க் ரெஞ்சில் 60 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கினோம். இந்த ரக சுசுகி வண்டிகளுக்கு 50 முதல் 70 வரை வரம்பு.

உள் போல்டும் ஸ்டெபிலைசர் நட்டும் மட்டும் இன்னும் இறுக்கவில்லை. சக்கரங்களைப் பூட்டி வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, எடை உட்கார்ந்த பின்தான் அவற்றுக்கு இறுதி இறுக்கம். புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருக்கிறது. ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகி நிற்கும். சில மாதத்தில் கிழிந்து, புது ஆர்ம் போட்டும் சத்தம் வருகிறது என்று வண்டி திரும்பி வரும். பாகம் மட்டம் என்று கடைக்காரரோடு நடக்கும் சண்டைகளில் பாதி உண்மையில் இந்த இறுக்கத்தைப் பற்றியது. கடைசியாகப் புது காட்டர் பின். பழையதை நிமிர்த்தி மறுபடி போடுவது நாலு ரூபாய்க்குச் செய்யும் கஞ்சத்தனம்.

அலைன்மெண்ட்

இந்த வண்டியில் கேம்பருக்கும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) காஸ்டருக்கும் (ஸ்டீயரிங் அச்சு முன்பின் சாயும் கோணம்) திருகு கிடையாது. டோ மட்டும் டை ராடு மரையில் மாறும். பழைய ஆர்மோடு எடுத்த அளவில் மொத்த டோ-அவுட் (சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிந்த அளவு) 5 மில்லிமீட்டர் இருந்தது, ஆனால் டயரைக் கையால் தள்ளினாலே எண் மாறியது. புது ஆர்ம் போட்ட பின் எண் நிலையாக நின்றது. அதன் பிறகுதான் சரிசெய்வதற்கே பொருள் உண்டு. லாக் நட்டைத் தளர்த்தும்போது ஸ்டீயரிங் ராக்கை மூடிய ரப்பர் பூட்டின் கிளிப்பையும் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ராடோடு சேர்ந்து பூட்டும் முறுகிக் கிழியும். இரண்டு பக்கமும் சம அளவு திருப்பினால் ஸ்டீயரிங் நடுவில் நிற்கும். ஒரே பக்கத்தில் திருப்பி முடித்தால் வண்டி நேராகப் போகும், ஸ்டீயரிங் கோணலாக இருக்கும்.

மொட்டையான இடது டயரை மாற்றச் சொன்னோம். அதைப் பின்னால் போட்டு ஓட்டலாமே என்ற கேள்வி வந்தது. உள்விளிம்பில் நூல் தெரியும் டயருக்கு மழைக்கால மலைப்பாதையில் முன்னும் இடமில்லை, பின்னும் இடமில்லை.

பிறகு

அதே அடிவார வளைவுகளில் ஏறி இறங்கியதில் இரு திசையிலும் சத்தம் இல்லை. பிரேக்கை விடும்போது இருந்த தட்டலும் போயிற்று; அது ஸ்டெபிலைசர் நுனிப் புஷ்ஷின் பங்கு. 500 கிலோமீட்டர் கழித்து வண்டியை வரச் சொல்லி நான்கு இறுக்கங்களையும் மறுபடி பார்த்தபோது, இடது ஸ்டெபிலைசர் பிராக்கெட் போல்ட் ஒன்று மட்டும் கால் சுற்று வாங்கிக்கொண்டது. புது ரப்பர் உட்காரும்போது இது நடக்கும். இனி ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பூட்டின் மடிப்பை விரித்துப் பார்த்தால் போதும். வெளியில் தெரியும் பக்கம் மட்டும் அல்ல, ஆர்மை ஒட்டிய பக்கமும்.

இதே முறையைச் சுமோ போன்ற வண்டிகளுக்கு அப்படியே கொண்டு போகக் கூடாது. மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள இரட்டை விஷ்போன் அமைப்பில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருந்தால், கீழ் பால் ஜாயிண்ட் எடை தாங்கும் ஜாயிண்ட். அங்கே பாடியைத் தூக்கி ஆர்மைத் தொங்க விட்டால் ஸ்பிரிங்கே ஜாயிண்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். ஜாக்கியைக் கீழ் ஆர்மின் அடியில், ஜாயிண்டுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைத்துத் தூக்கி, ஸ்பிரிங்கின் விசையை ஜாக்கி வாங்கிய பின்தான் ஆட்டிப் பார்க்க வேண்டும். கழற்றும்போதும் அந்த ஜாக்கி அங்கேயே இருக்க வேண்டும். ஸ்டட் விடுபட்ட கணத்தில் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அறையும், எதிரே முகமோ கையோ இருக்கக் கூடாது.